பூனைக்கு ரத்தம் உறையவில்லையா? ஊசி குத்துவதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

ஏற்காட்டிலிருந்து பூனை ரத்தம் வந்திருக்கிறது என்று சொன்னால், மெஷின் பக்கம் போவதற்கு முன்னால் ட்யூபை மெல்லச் சாய்த்துப் பார்ப்பேன். அடியில் வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு சின்னச் சிவப்பு உருண்டை வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த ட்யூபின் கதை அங்கேயே முடிந்தது. உறைகிறதா என்று பார்க்க அனுப்பிய ரத்தம் வழியிலேயே கொஞ்சம் உறைந்துவிட்டது. அதை மெஷினில் விட்டால் ‘உறையவே இல்லை’ என்று பதில் வரும். உறைய வைக்கும் சரக்கெல்லாம் அந்த உருண்டைக்கே செலவாகிப் போயிருக்கும் அல்லவா!

சேலத்தில் ஒரு லேபில் பத்து வருடத்துக்கும் மேலாக வேலை பார்க்கிறேன். மனித ரத்தம்தான் அதிகம். ஆனால் கால்நடை மருத்துவர்கள் அனுப்பும் நாய், பூனை ரத்தமும் வாரத்துக்கு நாலைந்து வரும். புதிதாகக் கிளினிக் திறந்த இளம் மருத்துவர்கள், அவர்களிடம் வேலை பழகும் உதவியாளர்கள், என்னைப் போன்ற லேப் டெக்னீஷியன்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பூனை வளர்ப்பவர்களும் படிக்கலாம். வைத்தியத்தை மட்டும் மருத்துவர் கையில் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன்: பூனையின் உறைதல் ரிப்போர்ட் பெரும்பாலும் கெடுவது ஊசி முனையில்தான்.

எப்போது சந்தேகப்படுவது

போன மழைக்காலத்தில் ஏற்காட்டுக் காபி எஸ்டேட் ஒன்றின் மேஸ்திரி, துணிப்பையில் ஒரு கடுவன் பூனையைப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து இறங்கி வந்தார். மூன்று வயது, நாலு கிலோ. சோர்ந்து படுத்திருக்கிறதே என்று காலையில் மேலேயே யாரோ ஓர் ஊசி போட்டிருக்கிறார்கள். ‘ஊசி போட்ட எடம் எலுமிச்சங்கா அளவுக்கு வீங்கிருச்சுங்க மேடம். வலியில வீங்குதுன்னு நெனச்சோம். தொட்டா குளுகுளுன்னு இருக்குதுங்க’ என்றார். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வெள்ளைக் காகிதம். மூச்சு வேகமாக வாங்குகிறது. எங்கேயும் ஒரு சொட்டு ரத்தம் வெளியே தெரியவில்லை.

பூனை இப்படித்தான், நோயை மறைக்கும். நாய்க்குத் தட்டணு (பிளேட்லெட்) குறைந்தால் வயிற்றிலும் ஈறிலும் சிவப்புப் புள்ளிகள் பூத்துவிடும். பூனையில் அதே அளவு குறைந்தும் வெளியே ஒன்றும் தெரியாமல் போவதுண்டு. ஆகவே ஊசி போட்ட இடத்தில் வீக்கம், காரணம் புரியாத மூச்சிரைப்பு, தார் போன்ற கறுத்த மலம், சிறுநீரில் ரத்தம், கண்ணுக்குள் சிவப்பு, கருத்தடை செய்த காயத்தில் மறுநாளும் நிற்காத கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உறைதலைச் சோதித்துவிடுங்கள்.

ரத்தம் நிற்பது எப்படி என்று புதிதாக வருபவர்களுக்கு ஏரிக்கரை உடைப்பை வைத்துச் சொல்லுவேன். கரை உடைந்ததும் ஊர்க்காரர்கள் முதலில் மணல் மூட்டையைத் தூக்கிப் போடுகிறார்கள். அது தட்டணுக்களின் வேலை. மூட்டை மட்டும் நின்றால் ஒரு மழைக்குப் போய்விடும் என்று பின்னால் கொத்தனார் வந்து கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டுகிறார். அது உறைதல் காரணிகள் சேர்ந்து பின்னும் ஃபைப்ரின் வலை. மூட்டை போதாவிட்டால் மூக்கு, ஈறு, சிறுநீர்ப் பாதை என்று மெல்லிய இடங்களில் கசியும். கொத்தனார் வராவிட்டால் முதலில் நின்றதுபோல் இருந்து, பிறகு தோலுக்கடியிலும் மார்புக்கூட்டிலும் வயிற்றிலும் குளம் குளமாகத் தேங்கும். மேஸ்திரியின் பூனைக்கு இரண்டாவது வகை என்பது எலுமிச்சங்காயைத் தொட்டபோதே ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. ‘ஏறக்குறைய’ என்பதை ரிப்போர்ட்டில் எழுத முடியாதே!

ஊசிக்கு முன் கேள்விகள்

வயதும் பாலினமும் முதலில். ஆறு மாதக் கடுவன் குட்டிக்குப் பால்பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் ஹீமோஃபீலியா மனதில் வர வேண்டும். அது தாய் வழியாக வந்து ஆண் குட்டிகளைத் தாக்கும் நோய். கூடப் பிறந்த குட்டிகள் என்ன ஆயின என்று கேளுங்கள். ஐந்து வயதுப் பூனைக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்திருந்தால் பிறவிக் குறை அநேகமாக இல்லை, புதிதாக ஏதோ வந்திருக்கிறது.

அடுத்தது எலி மருந்து. இங்கே எல்லோரும் தவறும் இடம், ‘எலி மருந்து வச்சீங்களா?’ என்று கேட்டு, ‘ஆமா’ என்றதும் நின்றுவிடுவது. எலி மருந்து என்பது ஒரே பொருள் இல்லை. மெழுகுக் கட்டியாகவோ கேக்காகவோ வருவது பெரும்பாலும் ப்ரோமடயலோன். அதுதான் உறைதலுக்குத் தேவையான வைட்டமின் கே-யை முடக்கி ரத்தம் உறைவதைத் தடுப்பது. கறுப்புத் தூளாக வருவது ஜிங்க் பாஸ்பைடு. வயிற்றில் விஷவாயுவாக மாறிக் கொல்லும் அதற்கும் வைட்டமின் கே-க்கும் சம்பந்தமே இல்லை. பற்பசை மாதிரி பிதுக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலை அழித்து, அதன் வழியாக உறைதலையும் கெடுக்கும். மூன்றுக்கும் சோதனை வேறு, கதி வேறு. அதனால் அட்டையை, கவரை, மிச்சத் துண்டை, எது கிடைத்தாலும் எடுத்துவரச் சொல்லுங்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டியானாலும் ஏற்காட்டுக் காபி குடோனானாலும் மூட்டைகளுக்கு நடுவே கட்டி வைப்பது வழக்கம்தான். பூனை நேராகத் தின்னாமல், தின்ற எலியைத் தின்றும் விஷமேறலாம். தின்றதற்கும் ரத்தம் கசிவதற்கும் நடுவே இரண்டு முதல் ஐந்து நாள் இடைவெளி உண்டு என்பதால் ‘நேத்து ஒண்ணும் வைக்கலையே’ என்ற பதில் செல்லாது. போன வாரத்தைக் கேளுங்கள்.

பிறகு மருந்து. வீட்டிலிருந்த ஆஸ்பிரினைக் கொடுத்தார்களா? பூனையின் ஈரல் அதை வெளியேற்ற நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதுவரை தட்டணு வேலை செய்யாது. பாராசிட்டமால் கொடுத்திருந்தால் அது வேறொரு அவசரம். பூனைக்கு அது நஞ்சு. குண்டுப் பூனை நாலைந்து நாள் சாப்பிடாமல் கிடந்ததா என்றும் கேட்க வேண்டும். ஈரலில் கொழுப்பு சேர்ந்து மஞ்சள் காமாலை வந்தால் வைட்டமின் கே உடம்பில் ஏறாது, ரத்தமும் உறையாது. மலையடிவாரத் தோட்டம் என்றால் பாம்பு. கண்ணாடி விரியனின் விஷம் உறைதல் காரணிகளை ஒரேயடியாகத் தூண்டிவிட்டுச் செலவழித்துவிடும். பூனைக்கு விரியன் கடித்த இடம் முடிக்குள் மறைந்திருக்கும், தடவித்தான் தேட வேண்டும்.

ரத்தம் எடுப்பது

இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். மீதி எல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

நாலு கிலோ பூனையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் சுமார் 250 மில்லி. ஒரு சொம்புகூட நிறையாது. எனவே தேவைக்கு மட்டும் எடுங்கள். கழுத்தில் ரத்தம் ஓடும் நரம்பு பெரியது, வசதியானது என்று எல்லோரும் அங்கே போவார்கள். உறைதல் சந்தேகம் இருக்கும் பூனையில் அங்கே குத்தாதீர்கள். உள்ளே கசிந்தால் அழுத்திப் பிடிக்கவும் முடியாது, வீக்கம் மூச்சுக்குழாயை நெரிக்கவும் கூடும். முன்னங்கால் நரம்போ பின்னங்காலின் உட்புற நரம்போ போதும். மெல்லிய ஊசி, 23 நம்பர். எடுத்தபின் ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்து அழுத்திப் பிடியுங்கள். தசையில் எந்த ஊசியும் போட வேண்டாம்.

ஒரே குத்தில் நரம்பில் இறங்க வேண்டும். உள்ளே போய் இப்படியும் அப்படியும் துழாவினால் சதையிலிருந்து உறைதலைத் தூண்டும் பொருள் ரத்தத்தில் கலந்துவிடும். ஊசிக்குள்ளேயே உறைதல் தொடங்கும், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பூனையின் தட்டணு மகா கோபக்காரப் பிறவி, சும்மா உரசினாலே கூட்டம் சேர்ந்துவிடும். முதல் குத்தில் கிடைக்கவில்லை என்றால் புது ஊசி, புது சிரிஞ்சு, வேறு கால். முதலில் வரும் சில சொட்டுகளைத் தனி சிரிஞ்சில் எடுத்து ஒதுக்கிவிட்டு அடுத்த சிரிஞ்சில் எடுப்பது நல்ல முறை. சீறிக்கொண்டிருக்கும் பூனையில் அதற்கெல்லாம் வாய்ப்பு கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை விட்டுக் கழுவிய கேனுலாவிலிருந்து (நரம்பில் செருகி வைத்த குழாய்) மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள்.

நீல மூடி சிட்ரேட் ட்யூப் முதலில், ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. ட்யூப் பிறகு. இரண்டுமே ட்யூபில் ரத்தம் உறையாமல் வைக்கும் ரசாயனங்கள். வரிசை மாறி ஈ.டி.டி.ஏ. ஒரு துளி நீலத்தில் கலந்தாலும் நேரம் நீண்டு காட்டும். நீல மூடியில் சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு என்பதுதான் கணக்கு. இரண்டு மில்லி ட்யூப் என்றால் 0.2 மில்லி சிட்ரேட் ஏற்கெனவே உள்ளே இருக்கும். அதற்கு 1.8 மில்லி ரத்தம், கோடு வரைக்கும்.

இந்தக் கோட்டில்தான் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மண்ணைக் கவ்வினேன். கருத்தடைக்கு முன் பரிசோதனைக்காக ஒரு பெட்டைப் பூனை வந்தது. பாவம், குட்டி உடம்பு, ஒரு மில்லிக்கு மேல் வரவில்லை. கையிலிருந்தது மனிதர்களுக்கான 2.7 மில்லி ட்யூப். ‘கொஞ்சம் குறைஞ்சா என்ன’ என்று அதிலேயே விட்டேன். பி.டி., ஏ.பி.டி.டி. என்ற இரண்டு உறைதல் நேரமும் எக்கச்சக்கமாக நீண்டு வந்தன. மருத்துவர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார், வீட்டுக்கார அம்மா அழுதார். ஒரு வாரம் கழித்துச் சரியான அளவில் எடுத்தோம், எல்லாம் நார்மல். ரத்தம் குறைந்ததால் சிட்ரேட் மிஞ்சிப்போயிருந்தது. நாங்கள் சோதனைக்கு விடும் கால்சியத்தை அந்த மிச்ச சிட்ரேட் விழுங்கிவிட்டது. பூனைக்கு ஒரு குறையும் இல்லை.

சின்னப் பூனைக்கு இப்போது செய்வது இது: புது நீல ட்யூபிலிருந்து 0.1 மில்லி சிட்ரேட்டை இன்சுலின் சிரிஞ்சால் உறிஞ்சி ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் விடுவேன், அதில் சரியாக 0.9 மில்லி ரத்தம். ஒரு மில்லிக்குள் வேலை முடிந்துவிடும். மூடியை மாட்டி ஐந்தாறு தரம் மெல்லத் தலைகீழாகத் திருப்புங்கள், குலுக்காதீர்கள். குலுக்கினால் சிவப்பணு உடைந்து, ரத்தத்தைச் சுழற்றினால் மேலே தெளியும் பிளாஸ்மா ரோஸ்மில்க் நிறத்துக்கு வரும், ஒளியை வைத்து அளக்கும் மெஷின் குழம்பும்.

வைட்டமின் கே போடுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள். போட்டு ஒன்றரை நாள் ஆன பிறகு வரும் ரத்தத்தில் சாட்சியம் அழிந்திருக்கும்.

மேசையிலேயே பார்க்கக்கூடியவை

பெரிய மெஷின் எதுவும் இல்லாமலே பாதி பதில் கிடைக்கும். மெல்லிய குழாயில் ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணு சதவீதத்தைப் பாருங்கள். பூனைக்கு 30 முதல் 45 சாதாரணம். கூடவே பிளாஸ்மாவின் புரதத்தையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் ரத்தம் எங்கோ வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மேஸ்திரியின் பூனைக்குச் சிவப்பணு 14, புரதமும் கீழே.

அடுத்தது ஸ்மியர், அதாவது ஸ்லைடில் மெல்லிசாக இழுத்த ரத்தம். இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்று கையைப் பிடித்துச் சொல்லுவேன். மனித ரத்தத்துக்கு அமைத்த கவுண்ட்டர் மெஷினில் பூனை ரத்தத்தை விட்டால் தட்டணு 12,000 என்று வந்து விழும், பார்த்தவர் பதறிப்போவார். காரணம் இரண்டு. பூனையின் சிவப்பணு சின்னது, தட்டணு பெரியது. சில தட்டணு சிவப்பணு அளவுக்கே இருக்கும். அளவை வைத்துப் பிரிக்கும் மெஷின் அதைச் சிவப்பணு கணக்கில் சேர்த்துவிடும். இரண்டாவது, மேலே சொன்ன ஒட்டிக்கொள்ளும் குணம். இருபது தட்டணு சேர்ந்த ஒரு கொத்து, மெஷினுக்கு ஒன்றுகூட இல்லை.

ஸ்லைடில் சின்னச் சொட்டு வைத்து இழுங்கள், காற்றில் உலர்த்துங்கள், லீஷ்மன் சாயம் போடுங்கள். மைக்ராஸ்கோப்பில் முதலில் குறைந்த பெருக்கத்தில் ஸ்மியரின் நுனிக்குப் போங்கள். இறகு மாதிரி மெலிந்து முடியும் அந்த ஓரத்தில்தான் கொத்துகள் ஒதுங்கும். மழைக்குப் பிறகு தெருவோரம் ஒதுங்கிய வேப்பம்பூ மாதிரி, வெளிர் ஊதாவில், பொடிப் பொடியாக, ஒன்றின்மேல் ஒன்று. அப்படித் தெரிந்தால் மெஷின் சொன்ன 12,000-ஐ அடித்துவிடுங்கள். ‘கொத்துகள் உள்ளன, எண்ணிக்கை போதுமானது’ என்று எழுதுங்கள். கொத்து இல்லை என்றால் எண்ணெய் லென்ஸுக்கு மாறி, சிவப்பணுக்கள் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கும் இடத்தில் பத்துப் பார்வைப் பரப்புகளை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒரு பரப்பில் ஒரு தட்டணு என்றால் மைக்ரோலிட்டருக்குச் சுமார் 15,000 முதல் 20,000. பத்துக்கு மேல் தெரிந்தால் கவலை இல்லை. இரண்டோ மூன்றோதான் என்றால் உண்மையான குறைவு, தானாகவே ரத்தம் கசியக்கூடிய நிலை. அப்போது பூனை லுகேமியா வைரஸ், எய்ட்ஸ் போன்ற எஃப்.ஐ.வி. இரண்டுக்கும் கிட் சோதனை செய்யச் சொல்லுவேன். சந்தேகம் தீராவிட்டால் நீல ட்யூப் ரத்தத்திலேயே எண்ணிப் பாருங்கள், அதில் ஒட்டுதல் கொஞ்சம் குறையும். சிட்ரேட் கலந்ததற்காக வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மெஷினே இல்லாத மலைக்கிராமத்தில் இருபது நிமிடச் சோதனை கைகொடுக்கும். பாம்புக்கடிக்கு மனித மருத்துவமனைகளில் செய்வதுதான்: உலர்ந்த புதுக் கண்ணாடி ட்யூபில் ஓரிரு மில்லி ரத்தத்தை விட்டு, தொடாமல் இருபது நிமிடம் வைத்து, ஒரு முறை சாய்ப்பது. தண்ணீராக ஓடினால் உறைதல் மோசமாகக் கெட்டிருக்கிறது. உறைந்துவிட்டால் ‘எல்லாம் சரி’ என்று அர்த்தமில்லை, லேசான குறைகளை இது பிடிக்காது. ட்யூப் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய பழைய ட்யூப் வேண்டாம், சோப்பின் மிச்சமே உறைதலைக் கெடுத்துவிடும்.

உதட்டின் உட்புறம் சின்னதாகக் கீறி ரத்தம் நிற்கும் நேரத்தைப் பார்க்கும் சோதனையும் உண்டு. பூனைக்கு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். மற்ற எல்லாம் நார்மலாக வந்தும் ரத்தம் கசிகிறது, தட்டணு இருந்தும் வேலை செய்யவில்லையோ என்ற நிலைக்கு மட்டும் அதை ஒதுக்கி வையுங்கள். தட்டணு குறைந்திருப்பது தெரிந்த பூனையில் கீறிப் பார்ப்பது வீண் வேலை.

மலையிலிருந்து ரத்தம் இறங்குவது

மலையில் எடுத்த சிட்ரேட் ரத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றி, மேலே நிற்கும் மஞ்சள் பிளாஸ்மாவை மட்டும் பிளாஸ்டிக் குப்பிக்கு மாற்றுங்கள். கண்ணாடி வேண்டாம், கண்ணாடி உறைதலைத் தூண்டும். நாலு மணி நேரத்துக்குள் எங்கள் மேசைக்கு வந்துவிடும் என்றால் அப்படியே அனுப்பலாம். இல்லாவிட்டால் பிளாஸ்மாவை ஃப்ரீசரில் ஐஸாக்கி, ஐஸாகவே அனுப்புங்கள். வழியில் உருகி மறுபடி ஐஸானால் பயனில்லை. சுழற்றும் மெஷின் (சென்ட்ரிஃபியூஜ்) இல்லையா? முழு ரத்தத்தை ஐஸ் கட்டி மேல் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் பஸ் ஜன்னலோரமும் வைக்காதீர்கள். ஏற்காட்டில் இதமாக இருக்கும், அடிவாரம் தாண்டினால் கொதிக்கும். கட்டை விரல் கனத்துக்குத் துணி சுற்றி, நிமிர்த்தி வைத்த டப்பாவில், யாராவது மடியில் வைத்துக்கொண்டு வந்தால் போதும். ஸ்மியரை மட்டும் மேலேயே இழுத்து உலர்த்தி அனுப்பிவிடுங்கள். அந்தப் பையில் ஃபார்மலின் பாட்டில் இருக்கக் கூடாது, அதன் ஆவி பட்ட ஸ்மியரில் சாயம் ஏறாது.

பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும்

பிளாஸ்மா எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்த்துக் கொத்தனார் வேலையை அளப்பவை இந்த இரண்டும். உறைதலுக்கு இரண்டு நுழைவாயில்கள், உள்ளே போனால் ஒரே கூடம். பி.டி. ஒரு வாசல் வழியாகவும் ஏ.பி.டி.டி. இன்னொரு வாசல் வழியாகவும் போய் அந்தக் கூடத்தில் முடியும். எந்த வாசல் அடைத்திருக்கிறது என்று பார்த்தால் காரணம் பிடிபடும்.

மனித லேபில் கொடுப்பதாக இருந்தால் இரண்டு நிபந்தனைகள். ஐ.என்.ஆர். கேட்காதீர்கள். அது மனிதர்களுக்காக அளவிட்ட கணக்கு. விநாடியில் கேளுங்கள். இரண்டாவது, ஆரோக்கியமான ஒரு பூனையின் ரத்தத்தையும் அதே நேரத்தில், அதே முறையில் எடுத்துக் கூடவே அனுப்புங்கள். புத்தகத்தில் இருக்கும் எண் வேறொரு மெஷினில், வேறொரு ரசாயனத்தில் வந்தது. எங்கள் லேபுக்குக் கட்டுப்பாட்டுப் பூனை எதிர் டீக்கடையில் வளரும் குண்டன். ஒரு மத்தி மீனுக்குக் காலை நீட்டுவான். அவனுக்கு எங்கள் மெஷினில் பி.டி. பத்து விநாடியைச் சுற்றியே வரும். நோய்ப் பூனையின் நேரம் அவனைவிடக் கால் பங்குக்கு மேல் நீண்டால் உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்வேன். அதற்குள் என்றால் மறுபடி செய்வேன்.

பி.டி. மட்டும் நீண்டால் முதலில் எலி மருந்து. வைட்டமின் கே-யை நம்பியிருக்கும் காரணிகள் 2, 7, 9, 10. அவற்றில் ஏழாவதுதான் சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகும் ஆயுள் குறைந்த காரணி, அது பி.டி. வாசலில் நிற்கிறது. ஆகவே விஷம் வேலையைத் தொடங்கியதும் முதலில் தட்டுவது பி.டி. ஒன்றிரண்டு நாளில் மற்றவையும் தீர்ந்து இரண்டும் நீளும். கசிவோடு வரும் பூனைகளில் பெரும்பாலும் இந்த நிலைதான். இரண்டும் நீண்டிருந்தால் எலி மருந்தோடு ஈரல் நோய், பித்தநீர் அடைப்பு, விரியன் கடி, உடம்பெங்கும் சிறு சிறு ரத்தக்கட்டிகள் உருவாகி எல்லாச் சரக்கும் தீர்ந்துபோகும் டி.ஐ.சி. ஆகியவையும் பட்டியலில் சேரும். டி.ஐ.சி. என்றால் தட்டணுவும், ஃபைப்ரின் வலைக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜனும் சேர்ந்து இறங்கும். எலி மருந்தில் தட்டணு ஓரளவு தப்பித்திருக்கும். ரத்தக்கட்டி கரைந்த மிச்சத்தை அளக்கும் டீ-டைமர் சோதனை பூனையில் அவ்வளவு நம்பத்தக்கதில்லை, அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ட்யூபில் ரத்தக்கட்டி இருந்ததா, கோடு வரை நிரம்பியதா என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டால் சுவாரசியம். ஹீமோஃபீலியா ஏ-யில் எட்டாவது காரணியும், பி-யில் ஒன்பதாவதும் குறையும். காரணி சாதாரண அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் நேரம் நீளும் என்பதால், நோயைச் சுமக்கும் தாய்ப்பூனைக்கு ரிப்போர்ட் நார்மலாகவே வரலாம். ஆனால் பூனைகளில் இன்னொன்று அதைவிட அடிக்கடி எதிர்ப்படும். நேரம் இரண்டு மூன்று மடங்கு நீண்டு கிடக்கும், பூனையோ குதித்து விளையாடும், அறுவை செய்தாலும் ஒரு சொட்டு அதிகம் கசியாது. அது பன்னிரண்டாவது காரணிக் குறை. ஹேகமேன் குறை என்பார்கள். 1955-இல் ஜான் ஹேகமேன் என்ற அமெரிக்க ரயில் ஊழியரிடம் ராட்னாஃப் என்ற மருத்துவரும் அவர் சகாவும் கண்டு எழுதியது. சோதனைக் குழாயில் ரத்தம் உறையாத அந்த மனிதருக்கு ரத்தப்போக்கே கிடையாது. 1968-இல் அவர் இறந்தது நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து! பன்னிரண்டாவது காரணி குழாய்க்குள் உறைதலைத் தொடங்கி வைக்கத் தேவை, உடம்புக்குள் ரத்தத்தை நிறுத்த அது இல்லாமலே நடக்கும். எனவே கசிவே இல்லாத பூனையின் ஏ.பி.டி.டி.யைப் பார்த்து ஆபரேஷனை ரத்து செய்துவிடாதீர்கள். காரணிகளைத் தனித்தனியாக அளக்கும் சோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு முன், நோய்ப் பூனையின் பிளாஸ்மாவையும் குண்டனின் பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். நேரம் சரியானால் காரணி குறைவு. சரியாகாவிட்டால் ஏதோ ஒன்று தடுக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது கலந்துபோன ஹெப்பாரினை.

தனிக் காரணிச் சோதனை போன்றவற்றுக்கு நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிறது. ஆத்தூர் தாண்டினால் தலைவாசலிலும் கல்லூரி வந்துவிட்டது. எந்தச் சோதனை, எந்தக் கிழமை, எவ்வளவு பிளாஸ்மா என்று முதலில் போனில் கேட்டுவிட்டு ரத்தம் எடுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். திடீரெனப் பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு, பாதம் சில்லிட்டு, பூனை அலறினால் அது எதிர்ப்பக்கத்து நோய். இதயத்தில் உருவான ரத்தக்கட்டி போய்க் கால் தமனியை அடைத்துவிட்டது. அதற்கு இந்தச் சோதனைகள் பதில் தராது. நேராக இதய ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

மேஸ்திரியின் பூனைக்கு வருவோம். ஸ்மியரில் தட்டணு பரப்புக்கு ஒன்பது, பத்து. பி.டி. 68 விநாடி, ஏ.பி.டி.டி. அளவு தாண்டியது. அவர் தம்பிக்குப் போன் போட்டார். குடோனில் தேடியதில் மூட்டைக்குப் பின்னால் நீல நிறக் கட்டியும் கவரும் கிடைத்தன, ப்ரோமடயலோன் 0.005 சதவீதம். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பூனைக்கு முதல் தரம் ஏற்றும்போதே ஏ, பி வகை பார்த்தாக வேண்டும், வகை மாறினால் முதல் தடவையே ஆளைக் கொல்லவும் கூடும். இதுவும் குண்டனும் ஒரே ஏ வகை. குண்டனுக்கு அன்று மூன்று மத்தி. மருத்துவர் வைட்டமின் கே-1 தொடங்கினார். கே-3 என்று மருந்துக் கடையில் மாற்றிக் கொடுப்பார்கள், அது இந்த விஷத்துக்கு உதவாது, சீட்டில் ‘ஒன்று’ என்று எழுத்தாலும் எழுதுங்கள். மாத்திரை நாலு வாரம். இந்த வகை விஷம் ஈரலில் வாரக்கணக்கில் தங்கும், பூனை தேறிவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் திரும்பக் கசியும்.

கடைசி மாத்திரைக்கு 48 மணி நேரம் கழித்து மறுபடி பி.டி. பார்க்க வேண்டும். மேஸ்திரி சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். இந்தத் தடவை பூனை துணிப்பைக்குள் அடங்கவில்லை, என் மணிக்கட்டில் மூன்று கோடு போட்டது. குண்டனுக்கு 10.4. இதற்கு 10.6.